ரெட்டை டீச்சரும் அளந்து சிரித்த பெண்ணும்

எனக்கும் ரெட்டை டீச்சருக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான். முன்பு ஒரே கூடமாக இருந்த இடத்தை இரண்டு வகுப்பாக்கியவர்கள், சுவர் எழுப்பச் சோம்பல்பட்டுப் பலகை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பலகையும் கூரையைத் தொடவில்லை. இந்தப் பக்கம் நான் உயிரைக் கொடுத்துப் பின்னங்களைச் சுருக்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து திடீரென்று ஒரு சிரிப்பு கிளம்பி, பலகைக்கு மேலே ஏறி, என் வகுப்பில் வந்து விழும். என் பிள்ளைகளின் கண்கள் எல்லாம் கூரைக்குப் போய்விடும். மூக்கின் நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு பிறந்தவன் நான். என்னைத் தேடிப்பிடித்து அந்த அறையைக் கொடுத்த தலைமையாசிரியர் நன்றாக இருக்கட்டும்.

அவர் தமிழ் டீச்சர். 'ரெட்டை' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். இரட்டைச் சடையெல்லாம் காரணமில்லை. ஒரு சொல் அவர் வாய்க்குள் போனால் இரண்டாகத்தான் வெளியே வரும். டீச்சராவதற்கு முன்னால் அவர் ஒரு கூரியர் ஆபீஸில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் பெயரும் முகவரியும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவர். ஒன்றுபோல ஒலிக்கிற பெயர்கள், ஒன்றுபோல ஒலிக்கிற தெருக்கள். அந்த வேலையில் எல்லாருக்கும் தலைவலி வந்தது, இவருக்கு மட்டும் ஆசை வந்தது. ஒரு சொல்லுக்குப் பின்னால் இன்னொரு சொல் ஒளிந்து நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று அஞ்சல்வழியில் படித்து, முடி நரைக்கத் தொடங்கிய வயதில் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்.

பாடம் முடிந்து மணி அடிப்பதற்கு முன் கொஞ்ச நேரத்தை அவர் சிலேடைக்கென்று ஒதுக்கி வைப்பார். "வீட்டுக்கு மேல ஓடு. ஆனா அது ஓடாது" என்பார். "சாயங்காலம் மாலை வாங்கப் போனா, மாலை போயிடுச்சு" என்பார். பள்ளிக்கு வந்த பல்லியைப் பற்றி ஒரு கதை சொல்லி, இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிக்கிறவனை அந்தப் பல்லியிடமே பாடம் கேட்டு வரச்சொல்வார். பிள்ளைகளும் பதிலுக்குத் தயார் செய்துகொண்டு வருவார்கள். என்னையும் விட்டுவைக்கவில்லை. "கணக்கு சார்கிட்ட ஒரு அடி ஸ்கேல் இருக்கு. அதை ஒளிச்சு வெச்சா எத்தனை அடி கிடைக்கும்?" என்பது அந்த வகுப்பில் பிறந்து பள்ளி முழுக்கச் சுற்றியது. நான் யாரையும் அடித்ததில்லை. ஆனால் அதைச் சொன்னால் சிலேடை கெட்டுவிடும் என்று டீச்சர் என் வாயை அடைத்துவிட்டார்.

அவர் வகுப்பில் ஒரே ஒரு சட்டம் உண்டு. யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்லக் கூடாது. புரிந்தவர்கள் சிரிக்கலாம். புரியாதவர்கள் புரியும்வரை அதை மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கலாம். எப்போது புரிகிறதோ அப்போது, எங்கே இருந்தாலும், சிரித்துக்கொள்ளலாம். இந்தக் கடைசிச் சலுகைதான் என் கழுத்தை அறுத்தது. ஏனென்றால் அவர் வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள்தான் கணக்குக்கு என் அறைக்கு வருவார்கள். நான் மீப்பெரு பொதுக் காரணியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது பெஞ்சில் ஒருவன் குபுக்கென்று சிரிப்பான். கேட்டால், "இப்பதான் சார் புரிஞ்சுது" என்பான். அவனை என்ன செய்வது?

இப்படிக் கேட்டுக் கேட்டு அந்த வகுப்பின் சிரிப்புகள் எல்லாம் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டன. முகத்தைப் பார்க்காமலே ஆளைச் சொல்வேன். முதலில் வெடிப்பவன் பட்டாசு. அவனுக்கு அந்தப் பெயரே சிரிப்பால்தான் வந்தது. விக்கல் மாதிரி சிரிக்கிற ஒருத்தி, சிரிப்பை அடக்கி இருமலாக்குகிற ஒருவன். இவற்றுக்கு நடுவில் ஒரு சிரிப்பு மட்டும் என் காதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லாரும் தொடங்கிய பிறகு, ஒரு மூச்சு தள்ளித் தொடங்கும். எல்லாரும் நிறுத்தும்போது சரியாக நிற்கும். கூடாது, குறையாது. துணியை அளந்து கத்தரிப்பதுபோல அளந்து கத்தரித்த சிரிப்பு. அது தையல்காரரின் மகளுடையது. அவள் என் வகுப்பில் ஒரு நாளும் 'இப்பதான் புரிஞ்சுது' என்று சிரித்ததில்லை.

அவளுடைய அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. கடைத்தெருவின் கோடியில் சின்னத் தையற்கடை. வீடும் கடைக்குப் பின்னாலேயே. மகளுக்குக் காதும் வாயும் நன்றாகவே இருந்தன. இதெல்லாம் பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன? அதையும் அந்தச் சிரிப்பையும் சேர்த்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நான் டீச்சரிடம் சொன்னேன். அவளுக்கு உங்கள் சிலேடை ஒன்றுகூடப் புரிந்ததில்லை, ஊரோடு சேர்ந்து சிரிக்கிறாள் என்று. டீச்சர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கணக்கு வாத்தியார்களுக்குச் சிரிப்பென்றாலே ஒவ்வாமை என்றார். நானும் விடவில்லை. அர்த்தமே இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள், பட்டாசிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி அவனைச் சிரிக்க வையுங்கள், அவள் சிரிக்கிறாளா பார்ப்போம் என்றேன்.

"பொறி வெச்சுப் பிடிக்க அவ என்ன எலியா சார்?" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சீறினார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. இந்தப் பள்ளியில் பிள்ளைகள் பயமில்லாமல் உட்காருகிற ஒரே இடம் தன் வகுப்பு என்று அவர் நம்பியிருந்தார். கிடைத்திருந்த வேலையை விட்டுவிட்டு, பாதி வயதில் படித்து, அவர் சம்பாதித்தது அந்த நம்பிக்கை ஒன்றைத்தான். அங்கே ஒரு பிள்ளை தினமும் மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நடுங்கிக்கொண்டே சிரித்திருக்கிறாள் என்றால், அவர் சம்பாதித்ததற்கு என்ன அர்த்தம்?

பெற்றோர் கூட்டம் வந்தது. எனக்கும் அவருக்கும் ஒரே மேசை. தையல்காரர் சலவை செய்த சட்டை போட்டு வந்திருந்தார். தோளில் ஒரு நீல நூல் ஒட்டியிருந்ததை அவர் மனைவி எடுத்துவிட்டார். மகள் இருவருக்கும் நடுவில் நின்றாள். நாங்கள் சொல்வதைக் கையால் அவர்களுக்குச் சொல்வதும், அவர்கள் கையால் சொல்வதை வாயால் எங்களுக்குச் சொல்வதும் அவள் வேலை. என் பங்கு சீக்கிரம் முடிந்தது. கணக்கில் கெட்டிக்காரி. அதைக் கையால் சொல்ல அவள்தான் கூச்சப்பட்டாள்.

டீச்சர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். உங்கள் பெண் என் வகுப்பில் எல்லாவற்றுக்கும் அழகாகச் சிரிக்கிறாள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்பு மிகுந்துவிட்டால் அவருக்குச் சிலேடை தானாக வரும். அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "நமக்குள்ள வித்தியாசமே இல்ல. உங்க கையிலயும் நூல், என் கையிலயும் நூல்" என்றார். மேசையிலிருந்த பாட நூலையும் தூக்கிக் காட்டினார். பின்னால் வரிசையில் நின்ற பெற்றோர்கள் ரசித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண் கையைத் தூக்கினாள். ஊசியிலிருந்து நூலை இழுப்பதுபோல ஒரு கையை இழுத்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துவைத்து, புத்தகம் போலத் திறந்தாள். அந்த இரண்டு அசைவுகளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எங்கள் காதில் ஒன்றாக இருந்தது அவள் கைகளில் இரண்டாகப் போய்விட்டது. அவள் மறுபடியும் முதலிலிருந்து செய்துபார்த்தாள். இழுத்தாள், திறந்தாள். அதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று அவளே தேடுவதுபோல் இருந்தது.

தையல்காரர் மகளின் கையைப் பார்த்தார். டீச்சரின் முகத்தைப் பார்த்தார். பின்னால் சிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஒரு மூச்சு தள்ளி. அவரைப் பார்த்து அவர் மனைவி சிரித்தார். மகளும் சிரித்தாள். நாங்கள் நிறுத்தியபோது மூவரும் நிறுத்தினார்கள்.

நான் பலகை வழியாகக் கேட்டுக் கேட்டு எரிச்சல்பட்ட சிரிப்புக்கு ஒரு குடும்பமே இருந்தது. காது கேட்கிறவர்கள் நடுவில் வாழ்வதற்காக அந்த மனிதர் காலமெல்லாம் பழகிய சிரிப்பு அது. மகள் நடை பழகியதுபோல் அதையும் அவரிடமிருந்து பழகியிருக்கிறாள். டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தூக்கிய புத்தகம் இன்னும் கையிலேயே இருந்தது. அவர் பார்த்துவிட்டார் என்பதை அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டாள். அவள் கைகள் இரண்டும் பாவாடை மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டன.

அவர்கள் போன பிறகு டீச்சருக்கு வந்த தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. வரிசை முழுக்க முடிந்த பிறகுதான் பேசினார்.

"அது சிரிப்பே இல்ல சார். கூட்டத்துல இடிபடாம இருக்க ஒதுங்கிக்கிற மாதிரி. வருஷம் பூரா என் வகுப்புல அவ ஒதுங்கி நின்னுருக்கா. நான் அதைப் பார்த்து உச்சி குளிர்ந்து போயிருக்கேன்."

'அன்றே சொன்னேனே' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நான் கண்டுபிடித்ததில் பாதிதான் சரி. புரியாமல் சிரிக்கிறாள் என்று கண்டுபிடித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாட்களில் பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. செய்யுள், பொருள், வினா விடை, மணி. நான் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆனால் என் வகுப்பு ஓடவில்லை. எதிர்த்துக் கத்த ஆளில்லாமல் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பட்டாசு என்னிடம் வந்து, டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தான்.

டீச்சர் ஒரு ஜன்னல் திரைச்சீலையை எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போயிருக்கிறார். ஓரம் அடிக்க வேண்டும் என்று சாக்கு. அங்கே கண்டதை மறுநாள் ஆசிரியர் அறையில் என்னிடம் சொன்னார். தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மகளிடம் கையால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டினார். அதே இரண்டு விரலும் அப்படியே குனிந்து, கால்களாகி, துணி மேசையின்மேல் நடந்து போயின. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா உள்ளிருந்து எட்டிப்பார்த்து, அந்த விரல்களின் நடையில் இன்னும் ஏதோ சேர்த்தார். கடையே அதிர்ந்தது.

"நமக்குக் காதுக்கு ஒண்ணா கேக்குது. அவங்களுக்குக் கண்ணுக்கு ஒண்ணா தெரியுது. அவங்க வீட்லயும் சிலேடை இருக்கு சார். என்னைவிட நல்லா இருக்கு" என்றார் டீச்சர். "ஆனா யாரு நடந்து போனா, ஏன் போனா, எனக்கு ஒண்ணுமே புரியல. மூணு பேரும் சிரிக்கிறாங்க, நான் நடுவுல உக்காந்திருக்கேன். என்ன ஆச்சு தெரியுமா? என் முகத்துல அதே சிரிப்பு வருது. அவ சிரிக்கிற அதே சிரிப்பு. வாய் தானா விரியுது. கஷ்டப்பட்டு அடக்கினேன்."

அடக்கிவிட்டு அவளிடம், எனக்குப் புரியவில்லை, என்னவென்று சொல்லேன் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் அவரை நெடுநேரம் பார்த்தாளாம். பிறகு, "சொல்லக் கூடாது டீச்சர்" என்றாளாம். இதைச் சொல்லும்போது டீச்சர் சிரித்தார். கண் கலங்கியும் இருந்தது. தன் சட்டம் தன்மேலேயே வந்து விழுந்ததில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

அதை வகுப்பில் வந்து செய்துகாட்டுகிறாயா என்றும் கேட்டிருக்கிறார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். டீச்சர் வற்புறுத்தவில்லை. நானாக இருந்தால் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பொய்யாகச் சிரிக்க வேண்டாம் என்று அன்பாகப் புத்தி சொல்லியிருப்பேன். அப்படிச் செய்யட்டுமா என்று கேட்டும் பார்த்தேன்.

"வேண்டாம் சார். அந்தச் சிரிப்பு அவளுக்குக் குடை மாதிரி. நம்ம பிடுங்கக் கூடாது. அவளா மடக்கி வைக்கணும்."

பிறகு சிலேடை நேரம் திரும்பி வந்தது. ஆனால் இம்முறை டீச்சர் சொல்லவில்லை, பிள்ளைகளைச் சொல்லச் சொன்னார். யாராவது ஒன்றைச் சொன்னதும், எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, "எனக்குப் புரியல. வேற யாருக்கெல்லாம் புரியல?" என்று கேட்டுவிட்டுத் தன் கையை முதலில் தூக்குவார். அவருக்கு உண்மையாகவே புரியாத நாட்களில் மட்டும்தான். நடிக்கவில்லை. பிள்ளைகளின் சிலேடைகள் லேசுப்பட்டவை அல்ல, விளையாட்டுச் செய்தியும் வீடியோ கேமும் கலந்து வரும். முதலில் அவர் கை மட்டும் தனியாக நின்றது. பிறகு விக்கல் சிரிப்புக்காரி தூக்கினாள். இருமல்காரன் தூக்கினான். ஒரு நாள் அந்தப் பட்டாசே கையைத் தூக்கிவிட்டான். இத்தனை நாள் அவன் பாதிக்குப் பாதி குத்துமதிப்பாகத்தான் வெடித்திருக்கிறான். குட்டு வெளிப்பட்டதும் அந்த வகுப்பு அவனைக் கேலி செய்து தீர்த்தது. அவனும் அதற்குச் சேர்த்துச் சிரித்தான். இதையெல்லாம் டீச்சர் சொல்லித்தான் நான் அறிவேன். பலகை வழியாக யார் கையும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது சிரிப்பு மட்டும்தான். அதில் மாற்றமில்லை. எல்லாரும் தொடங்குவார்கள். ஒரு மூச்சு தள்ளி அவள் தொடங்குவாள். எல்லாரும் நிறுத்துவார்கள், அவளும் நிறுத்துவாள். அவள் கை மட்டும் எழவே இல்லை என்று டீச்சர் சொன்னார். மாதம் ஒன்று ஓடியது, அடுத்ததும் வந்தது. நான் பொறுமையிழந்தேன். ரெட்டை டீச்சர் இழக்கவில்லை. அவர் வீட்டில் ஓரம் அடிக்க வேண்டிய துணி தீர்ந்து, தலையணை உறைகளைக் கொண்டுபோக ஆரம்பித்திருந்தார். கடையில் போய் உட்காருவார். அவர்கள் மூவரும் கையால் பேசிச் சிரிப்பார்கள். இவர் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். புரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கிக் காட்டுவார். தையல்காரர் அவருக்கு அதற்கென்றே ஒரு கையசைவுப் பெயர் வைத்துவிட்டாராம். அதற்கும் அர்த்தம் சொல்ல மறுத்துவிட்டார்கள். மகள் மட்டும், டீச்சர் புரியாமல் உட்கார்ந்திருப்பதை, துணிக்குவியலுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாளாம். புரியாமல் இருந்தும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அவள் நம்பக் காலம் பிடித்தது.

ஆண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. நான் வட்டிக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பட்டாசின் குரல் கேட்டது. "ஆறு பேரா ஆத்துக்குப் போனோம். கொண்டுபோன டீ மட்டும் ஆறவே இல்ல."

சிரிப்பு எழுந்தது. விக்கல், இருமல், வெடி. நான் பழக்கத்தில் ஒரு மூச்சு காத்திருந்தேன். அது வரவில்லை. மற்ற எல்லாச் சிரிப்பும் வந்து போய் அடங்கின. அந்த இடம் காலியாகவே இருந்தது. என் கை கரும்பலகையில் நின்றுவிட்டது. இன்று அவள் பள்ளிக்கு வரவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஒரு மெல்லிய குரல். "எனக்குப் புரியல டீச்சர்."

பலகைக்கு இரண்டு பக்கமும் சத்தமில்லை.

"நேத்து உங்கப்பா கையில சொன்னதே எனக்கு இன்னும் புரியல" என்றார் டீச்சர். "நீயும் காத்திரு. நானும் காத்திருக்கேன்."

அப்போது யாரோ சிரித்தார்கள். தனியாக, சத்தமாக, மூக்கால் ஒரு சீறலும் சேர்ந்து, நிறுத்த முடியாமல். அந்த வகுப்பின் சிரிப்புகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதே இல்லை.